உயிரைக் காக்கும் விதியா? ஏட்டைக் காக்கும் விதியா?

ஒற்றை எஞ்சின் பூட்டிய சிறு விமானம் ஒன்றை மனக்கண் முன் நிறுத்துங்கள். அமெரிக்க நாட்டில் அத்தகைய விமானங்கள் பல்லாயிரக் கணக்கில் பறக்கின்றன. நால்வர் அமரலாம், ஓட்டுபவனே உடைமையாளன். அவன் ஒரு கைக்கணினியை வாங்கித் தன் தொடைமீது கட்டிக்கொள்கிறான். செயற்கைக் கோள்கள் அனுப்பும் சைகைகளைப் பெற்று, விமானம் எவ்விடத்தில் பறக்கிறது, எதிரே நிற்கும் மலை எது, அருகிலுள்ள ஓடுதளம் எத்தனை கல் தொலைவு என்பதையெல்லாம் அக்கருவி காட்டுகிறது. எவரும் தடுப்பதில்லை. எந்த அதிகாரியின் கையொப்பமும் தேவைப்படுவதில்லை.

அதே பணியைச் செய்யும் கருவி ஒன்றை, விமானத்தின் முகப்புப் பலகையிலே துளையிட்டு, நான்கு திருகாணிகளால் இறுகப் பொருத்த அவன் எண்ணுகிறான் என்று வையுங்கள். அப்போதுதான் சட்டம் விழித்துக்கொள்கிறது! 'அங்கீகாரம் பெற்ற உற்பத்தியா? ஒப்புதல் பெற்ற வரைபடம் உண்டா? துணை வகைச் சான்று எங்கே? படிவம் 337 எங்கே?' என்று கேள்விக் கணைகள் பாய்கின்றன. தொடையிலே இருந்தவரை தோழன். பலகையிலே ஏறியதும் குற்றவாளி!

கருவி மாறவில்லை. வானம் மாறவில்லை. ஓட்டுபவன் மாறவில்லை. மாறியது நான்கு திருகாணிகள் மட்டுமே. அந்த நான்கு திருகாணிகளுக்காகச் சான்றுத் தாள்களை ஒரு மலையென அடுக்கி, அம்மலைக்குப் 'பாதுகாப்பு' என்று பெயரும் சூட்டினார்கள், பன்னெடுங் காலமாக.

'எங்கோ அமெரிக்காவில், எவனோ ஒருவன் தன் விமானத்தில் எதையோ பொருத்துகிறான். அது குறித்து நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?' என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அரசாங்கம் என்பது எப்படி நடந்துகொள்கிறது, அதிகாரவர்க்கம் எந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது, சுமை எவன் தலையில் இறங்குகிறது, விலக்கு எவன் மடியில் விழுகிறது என்பதனை ஆராய விரும்புவோருக்கு இதைவிடத் தெளிவான பாடம் எளிதில் கிடைக்காது. பொருள் சிறிது, பாடம் பெரிது. ஆகவேதான் இந்த ஞாயிற்றுக்கிழமை உங்களை அந்தச் சிறு விமானத்தின் அருகே அழைத்துச் செல்கிறேன்.

சீமான்களின் சிக்கலா?

முதலில் ஓர் ஐயத்தைக் களைவோம். 'விமானம் வைத்திருப்பவன் செல்வச் சீமான் அல்லவா? அவன் சுமைக்கு நாம் ஏன் தோள் கொடுக்க வேண்டும்?' என்று ஒரு தோழர் கேட்கக்கூடும்.

சீமான்கள் பறப்பது வேறு விமானம். ஜெட் எஞ்சின் பூட்டிய அந்த மாளிகைகளில் அங்கீகாரம் பெற்ற கருவிகள் அத்தனையும் இருக்கின்றன. விலையைப் பற்றி அவர்கள் கவலைப்படுவதில்லை. நாம் பேசுவது செஸ்னா 172 போன்ற எளிய விமானங்களைப் பற்றி. அந்த வகை 1955-ல் முதன்முதலாகப் பறந்தது. அதன்பின் 44,000-க்கு மேற்பட்டவை செய்யப்பட்டன. அமெரிக்காவின் ஒற்றை எஞ்சின் சிறு விமானங்களின் சராசரி வயது 40 ஆண்டுகளைக் கடந்துவிட்டது. பழைய இரு இருக்கை விமானம் ஒன்றின் விலை, அங்கே புதிய மோட்டார் கார் ஒன்றின் விலையை ஒட்டியதே. பள்ளி ஆசிரியர், பண்ணை உழவர், பட்டறைத் தொழிலாளி ஆகியோர் கூட்டாகப் பணம் போட்டு ஒரு விமானத்தைப் பகிர்ந்து பயன்படுத்துவதும் அங்கே உண்டு.

அலாஸ்காவை எண்ணிப் பாருங்கள். பனியும் மலையும் சதுப்பும் சூழ்ந்த அந்த மாநிலத்தில் பத்தில் எட்டு ஊர்களுக்குச் சாலைத் தொடர்பு கிடையாது. நோயாளியைக் கொண்டு செல்வதும் சிறு விமானம். அஞ்சலைக் கொண்டு வருவதும் சிறு விமானம். அரிசியும் மாவும் மருந்தும் வந்து இறங்குவதும் சிறு விமானத்திலிருந்துதான். நமக்குப் பேருந்து எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. அதனைச் சீமான்களின் விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்கித் தள்ளுவது அறியாமை.

178 வினாடிகள்

இனி, கருவி என்ன செய்கிறது என்பதைக் காண்போம். மேகத்துக்குள் நுழைந்த விமானிக்கு அடிவானம் தெரியாது. அடிவானம் தெரியாதபோது, உடலின் சமநிலையை உணர்த்தும் உட்செவி பொய் சொல்லத் தொடங்குகிறது. விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுழன்று இறங்கும்போதும், 'நேராகத்தான் போகிறோம்' என்று அது கூறும். 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. கருவிகளைக் கொண்டு மட்டும் பறக்கும் பயிற்சி பெறாத 20 விமானிகளை, வெளியுலகம் தெரியாத நிலையில், சில கருவிகளை மட்டும் விட்டுவைத்து ஓட்டச் செய்தார்கள். இருபது பேரும் விமானத்தின் மீதிருந்த கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக எவ்வளவு நேரத்தில்? 178 வினாடிகளில்! மூன்று நிமிடம்கூட முழுதாக இல்லை.

அந்தப் பொய்யை முறியடிக்கும் கருவியே செயற்கை அடிவானம். விமானம் சாய்ந்திருக்கிறதா, நிமிர்ந்திருக்கிறதா என்று அது காட்டும். பழைய சிறு விமானங்களில் அதற்குள் ஒரு சக்கரம் சுழல்கிறது; அச்சக்கரத்தைச் சுழற்றுவது எஞ்சினோடு பிணைந்த வெற்றிடப் பம்பு. அந்தப் பம்பு முன்னறிவிப்பின்றி உடைந்து போகக்கூடியது. உடைந்ததும் கருவி உடனே நின்றுவிட்டாலாவது விமானி விழித்துக்கொள்வான். ஆனால் சக்கரம் மெல்ல மெல்லத் தளர்கிறது. காட்டும் அடிவானம் மெல்ல மெல்லச் சரிகிறது. மேகத்துக்குள் இருப்பவன், சரிந்த அடிவானத்தை உண்மையென நம்பி, அதன் பின்னாலேயே சரிந்து செல்கிறான். காப்பவன் என்று நம்பப்பட்ட கருவியே காலனாகிறது.

இதற்கு மாற்று இல்லையா? உண்டு. சுழலும் சக்கரம் இல்லாத, மின்னணுவால் இயங்கும், சொந்த மின்கலம் உடைய சிறு கருவி வந்து பல்லாண்டுகள் ஆயின. தன் கையால் தானே விமானம் கட்டிக்கொள்பவர்கள் அமெரிக்காவில் பலர் உண்டு. அத்தகைய விமானங்களைச் 'சோதனை வகை' என்று சட்டம் அழைக்கிறது. அவர்கள் அக்கருவியை வாங்கினார்கள், பொருத்தினார்கள், பறந்தார்கள். சட்டம் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் தொழிற்சாலையில் செய்த பழைய செஸ்னாவின் உடைமையாளன் அதே கருவியைப் பொருத்த முடியவில்லை!

ஒரே கொட்டகையில் இரண்டு விமானங்கள் அருகருகே நிற்கின்றன. ஒன்று, வீட்டுக் கொட்டிலில் கட்டியது; அதிலே புதிய கருவி. மற்றொன்று, பெயர்பெற்ற ஆலையில் கட்டியது. அதிலே உடைந்து போகும் பம்பும் தளர்ந்து போகும் சக்கரமும். இரண்டும் ஒரே ஓடுதளத்தில் ஏறி, ஒரே மேகத்தில் நுழைகின்றன. சட்டத்தின் கண்ணுக்கு இரண்டாவது விமானமே 'அங்கீகாரம் பெற்ற' விமானம்! இந்த விந்தையை என்னவென்பது?

அங்கீகாரம் பெற்ற கருவிகளும் கடையில் இருந்தன. விலை? சோதனை வகைக் கருவியைப் போலப் பல மடங்கு. அந்த விலையின் பெரும்பகுதி கருவிக்கு அன்று. கருவியைப் பற்றிய தாள்களுக்கு! சோதனைச் சான்று, உற்பத்திச் சான்று, பொருத்துவதற்கான சான்று என்று ஒவ்வொன்றுக்கும் செலவு. அச்செலவு அத்தனையும் வாங்குபவன் தலையில். ஆகவே அவன் என்ன செய்தான்? பழைய கருவியோடு பறந்தான். கெட்டதை மாற்றாமல் வைத்திருக்கச் சட்டம் இடந்தந்தது. நல்லதைப் பொருத்தத்தான் இடந்தரவில்லை.

கதவு திறந்த கதை

இது எதிர்க்கட்சிக்காரன் கூற்று மட்டும் அன்று, தோழர்களே. அமெரிக்கக் கூட்டாட்சி விமான நிர்வாகமே, அடிமேல் அடி விழுந்தபின், ஒவ்வொரு படியாக இறங்கிவந்து ஒப்புக்கொண்டது.

2013-ல், தொழில் துறையினரும் நிர்வாகத்தினரும் அமர்ந்த ஆய்வுக்குழு, பாதுகாப்பை இரட்டிப்பாக்கி, சான்றிதழ்ச் செலவைப் பாதியாக்குவதே குறிக்கோள் என்று அறிவித்தது. அதே ஆண்டு, சிறு விமானப் புத்துயிர்ச் சட்டம் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. ஆதரவாக 411 வாக்குகள். எதிர்ப்பாக ஒன்றுகூட இல்லை. எதிலும் ஒன்றுபடாத இரு கட்சிகளும் இதிலே ஒன்றுபட்டன! நவம்பர் 27 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்டார். 2015 டிசம்பர் 15-க்குள் புதிய விதிகளை வெளியிட வேண்டும் என்று சட்டம் நாளும் குறித்தது.

வெளியிட்டார்களா? அந்த நாள் வந்தது, போயிற்று. இறுதி விதி ஏடேறியது 2016 டிசம்பர் 30-ல். நடைமுறைக்கு வந்தது 2017 ஆகஸ்டு 30-ல். சாதாரணக் குடிமகன் ஒரு நாள் பிந்தினால் அபராதம். நாடாளுமன்றம் விதித்த கெடுவை நிர்வாகம் ஓராண்டுக்கு மேல் தாண்டினால்? தட்டிக் கேட்க ஆள் இல்லை!

இடையிலே, 2014-ல், இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணத்தைக் காட்டும் சிறு கருவியைப் பொருத்துவதற்கான வழி எளிதாக்கப்பட்டது. அக்கோணம் மிகுந்தால் விமானம் தூக்கும் ஆற்றலை இழந்து விழும். சிறு விமானச் சாவுகளுக்குத் தலையாய காரணம் கட்டுப்பாட்டை இழப்பதே என்று கூறிக்கொண்டே, அதைத் தடுக்கும் கருவிக்கு அதுவரை முட்டுக்கட்டை போட்டு வந்தார்கள்.

2016 ஏப்ரலில் மற்றொரு கதவு திறந்தது. சோதனை விமானச் சங்கம், டைனான் டி-10ஏ என்னும் மின்னணுக் கருவியைச் சில பழைய செஸ்னா, பைப்பர் விமானங்களில் பொருத்துவதற்குத் துணை வகைச் சான்று பெற்றது. உடைமையாளர் அச்சான்றுக்காகச் செலுத்த வேண்டிய தொகை 100 டாலர்.

இங்கேதான் சற்று நிற்க வேண்டும். அக்கருவி 2016-ல் பிறந்ததன்று. கைகட்டு விமானங்களில் பல்லாண்டுகளாகப் பறந்து, பழகி, நம்பிக்கை பெற்ற கருவி அது. 2016 மார்ச்சில் 'ஆகாது' என்று இருந்தது, ஏப்ரலில் 'ஆகும்' என்று ஆயிற்றே, அந்த ஒரு மாதத்தில் கருவிக்குள் எந்தக் கம்பி மாறியது? ஒன்றும் மாறவில்லை! மாறியது அதிகாரியின் மனம் மட்டும். அப்படியானால், மனம் மாறாதிருந்த ஆண்டுகளில், மேகத்துக்குள் உடைந்த பம்பை நம்பிப் போனவர்களுக்கு யார் விடை கூறுவது?

முழுக் கதவும் திறந்துவிட்டதா? இல்லை. 2013-ன் ஆய்வுக்குழு மற்றொரு பரிந்துரையும் செய்திருந்தது. 20 ஆண்டுகளுக்கு மேல் வயதான, வாடகைக்கு ஓடாத, சொந்தப் பயன்பாட்டு விமானங்களைத் தனி வகையாக்கி, உடைமையாளரே எளிய விதிகளின்கீழ்ப் புதிய கருவிகளைப் பொருத்திக்கொள்ள விடலாம் என்பதே அது. 2016-ன் இறுதி விதியில் அந்தப் பரிந்துரையைத் தேடினால் கிடைக்காது. பழைய விமானங்களே பெரும்பாலானவை. ஆனால் பெருஞ்சலுகை புதிதாக வடிவமைக்கப்படும் விமானங்களுக்கு!

மறுதரப்பின் வாதம்

எதிராளியின் வாதத்தை மறைத்துவிட்டு வெற்றி முழக்கமிடுவது நமது வழக்கமன்று. அவர்கள் கூறுவதையும் கேட்போம். 'தவறாகப் போட்ட ஒரு கம்பியால் தீப்பற்றலாம். தரமற்ற கருவி வானொலியைக் குழப்பலாம். தவறான உயரம் காட்டும் கருவி ஒருவனை மலைமீது மோதச் செய்யலாம். விழும் விமானம் கீழே உள்ள வீட்டின்மீது விழலாம். எனவே விதி வேண்டாமா?'

வேண்டும்! ஐயமின்றி வேண்டும். காசு கொடுத்துச் சீட்டு வாங்கி ஏறும் பயணி, அந்த விமானத்தின் கருவிகளைத் தானே ஆராய முடியாது. அவன் சார்பில் அரசாங்கம் ஆராய்ந்தாக வேண்டும். இருநூறு பேரைச் சுமக்கும் விமானத்திலே ஒரு திருகாணிக்கும் தாள் இருக்கட்டும், நாம் மறுக்கவில்லை. பொருத்தும் வேலையைத் தேர்ந்த தொழிலாளி பார்வையிட்டுக் கையெழுத்திடட்டும், அதையும் மறுக்கவில்லை.

நாம் கேட்பது, விதியின் கனம் ஆபத்தின் கனத்துக்கு ஏற்ப அமைந்திருக்கிறதா என்பதே. யானைக்குப் பூட்டும் சங்கிலியை ஆட்டுக்குட்டியின் காலில் பூட்டி, 'கட்டுக்காவல் பலமாக இருக்கிறது' என்று பெருமை பேசினால், குட்டி பிழைக்குமா? 2017-ன் புதிய விதிகளே, ஏறும் பயணிகளின் எண்ணிக்கையைக் கொண்டு சிறு விமானங்களை நான்கு படிகளாகப் பிரித்தன: ஒரு பயணி வரை, ஆறு பயணிகள் வரை, ஒன்பது வரை, பத்தொன்பது வரை. ஆபத்து வேறு வேறு என்று நிர்வாகமே ஏற்றுக்கொண்டது. அந்த நியாயம் பழைய விமானத்துக்கு மட்டும் எப்படிப் பொருந்தாது போகும்?

மேலும், விதி எதனோடு ஒப்பிட வேண்டும்? குறையற்ற கருவியோடு புதிய கருவியை ஒப்பிட்டால், புதியது தோற்கலாம். ஆனால் அந்தப் பலகையில் இப்போது இருப்பது குறையற்ற கருவி அன்றே! இருப்பது நாற்பதாண்டுப் பழமை. அதனோடு ஒப்பிட்டு, 'இது அதைவிட உயிரைக் காக்குமா?' என்று கேட்பவனே பாதுகாப்பில் அக்கறை உள்ளவன். 'தாள் இருக்கிறதா?' என்று மட்டும் கேட்பவன் தன் நாற்காலியின் பாதுகாப்பில் அக்கறை உள்ளவன். விபத்து நேர்ந்தால் அனுமதித்த அதிகாரியை விசாரணை தேடிவரும். அனுமதிக்காததால் நேர்ந்த சாவுக்கு எந்த விசாரணையும் அவரைத் தேடி வராது. இந்த ஓரவஞ்சனையே தாள்மலையின் அடித்தளம்.

கட்டாயம் யாருக்கு? விலக்கு யாருக்கு?

விரும்பிப் பொருத்த வந்தவனைத் தடுத்த அதே நிர்வாகம், மற்றொரு கருவியைப் 'பொருத்தியே தீர வேண்டும்' என்று ஆணையிட்டது. 2010 மே மாதத்தில் வெளியான அந்த விதியின்படி, 2020 சனவரி 1 முதல், பெரிய விமான நிலையங்களைச் சூழ்ந்த வான்பரப்பிலும், பொதுவாக 10,000 அடிக்கு மேலும் பறக்கும் விமானங்கள் ஏ.டி.எஸ்-பி என்னும் கருவியைக் கொண்டிருக்க வேண்டும். அக்கருவி, 'நான் இவ்விடத்தில், இவ்வளவு உயரத்தில், இவ்வளவு வேகத்தில் பறக்கிறேன்' என்று வினாடிக்கு ஒருமுறை ஒலிபரப்பும். தரையிலுள்ள கட்டுப்பாட்டு நிலையமும் அருகிலுள்ள விமானங்களும் அதைப் பெறலாம்.

நல்ல கருவி. அதை நாம் குறைகூறவில்லை. ஆனால் செலவு? ஆயிரக் கணக்கான டாலர். அரசாங்கம் 2016-ல் அறிவித்த உதவி 500 டாலர். அதுவும் 20,000 விமானங்களுக்கு மட்டும். அதோடு, கட்டாயப்படுத்தியது ஒலிபரப்பும் பாதியை மட்டுமே. பிற விமானங்களின் ஒலிபரப்பைப் பெற்று விமானிக்குக் காட்டும் மறுபாதி கட்டாயமாக்கப்படவில்லை. அதனையும் பொருத்துங்கள் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பல ஆண்டுகளாக வற்புறுத்தியும் பயனில்லை. வாயைத் திறந்துவை என்று சட்டம்; கண்ணைத் திறந்துவைப்பதற்குச் சட்டம் இல்லை!

இன்னொன்றும் கேளுங்கள். பாதுகாப்புக்காக என்று சொல்லிப் பொருத்த வைத்த கருவியின் ஒலிபரப்பைக் கொண்டே, சில விமான நிலையங்களில் சிறு விமானங்களிடம் இறங்கு கட்டணம் வசூலிக்கத் தொடங்கினார்கள். யார் இறங்கினார், எத்தனை முறை இறங்கினார் என்று அக்கருவியே காட்டிக்கொடுத்தது. சொந்தக் காசில் வாங்கிய காவல்காரன் வசூல்காரனுக்கு ஒற்றனானான்! கட்டணத்துக்கு அஞ்சிக் கருவியை அணைத்துவைக்கும் எண்ணம் ஒரு விமானிக்கு வந்தால், அந்தக் குற்றம் யாருடையது? இதைத் தடுக்கக் கோரும் சட்ட முன்வரைவு 2025-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது.

சிறியவனுக்குக் கட்டாயம். வலியவனுக்கு? 2019 சூலையில் அந்த விதி திருத்தப்பட்டது. நாட்டுப் பாதுகாப்பு, உளவு, காவல் ஆகியவை தொடர்பான நுண்ணிய பணியில் உள்ள அரசாங்க விமானங்கள் ஒலிபரப்பை அணைத்துவைக்கலாம் என்று விலக்கு அளிக்கப்பட்டது. போர்முனையில் இருக்கும் விமானம் தன் இருப்பிடத்தைப் பறைசாற்ற முடியாது என்பது எவருக்கும் விளங்கும். ஆனால் தலைநகரின் நெரிசல் மிகுந்த வானத்தில், பயணி விமானங்கள் இறங்கும் பாதையின் ஓரத்தில், இருளில் பறப்பவனுக்கும் அந்த மறைவு எதற்கு?

2025 சனவரி 29 இரவு. வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தில் இறங்கவிருந்த பயணி விமானமும், பயிற்சிப் பறப்பில் இருந்த இராணுவ ஹெலிகாப்டரும் பொடோமாக் ஆற்றின்மேல் மோதின. விமானத்தில் 64 பேர். ஹெலிகாப்டரில் 3 பேர். அறுபத்தேழு உயிர்களும் ஆற்றோடு போயின. அந்த ஹெலிகாப்டர் அன்று ஏ.டி.எஸ்-பி ஒலிபரப்பை அனுப்பவில்லை.

அந்த ஒலிபரப்பு ஒன்றே அவர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் வாதிடவில்லை. பழைய முறைக் கருவியின் வழியே கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு ஹெலிகாப்டர் தெரிந்துதான் இருந்தது. காரணங்கள் பலவாகப் பின்னிக் கிடந்தன. ஓர் ஓடுதளத்துக்கு இறங்கும் பாதைக்கும் ஹெலிகாப்டர் பாதைக்கும் இடைவெளி 75 அடியாகக் குறையும் இடமும் அங்கே இருந்தது. 2021 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரை, அந்நிலையத்தருகே பயணி விமானங்களும் ஹெலிகாப்டர்களும் அளவுக்கு மீறி நெருங்கிய நிகழ்ச்சிகள் 15,214 என்றும், அவற்றுள் மிக நெருங்கியவை 85 என்றும் விசாரணையில் தெரியவந்தது. எண்கள் நிர்வாகத்தின் கையிலேயே இருந்தன. எண்ணிப் பார்த்தவர் இல்லை!

ஒரு செஸ்னாவின் பலகையில் நான்கு திருகாணிகளைக் கண்டுபிடிக்கும் கூர்மை, 15,214 எச்சரிக்கைகளைக் காணவில்லை. வாரக் கடைசியில் பறக்கும் உழவனிடம் ஒலிபரப்பைக் கண்டிப்பாகக் கேட்ட விதி, இராணுவத்தின் வாசலில் தலைகுனிந்து நின்றது. ஊருக்கு உபதேசம், தனக்கு விலக்கு. விபத்துக்குப் பிறகே அந்த ஹெலிகாப்டர் பாதை மூடப்பட்டது. பிணங்களை எண்ணிய பிறகு பாதையை மூடுவதற்கு அரசாங்கம் எதற்கு?

நல்ல வழியும் உண்டு

'குறை கூறுவது எளிது, வழி என்ன?' என்பார்கள். வழியை அந்த நாடே ஒருமுறை காட்டியிருக்கிறது. அதே நிர்வாகம்தான் காட்டிற்று!

மேற்கு அலாஸ்காவில் பெத்தல் என்னும் ஊரைச் சூழ்ந்த, சாலையற்ற பெரு நிலப்பரப்பில், 'கேப்ஸ்டோன்' என்னும் திட்டம் நடந்தது. அங்கே வாடகைக்கு ஓடிய சிறு விமானங்களில், செயற்கைக் கோள் வழிகாட்டியையும், எதிர்வரும் மலையைக் காட்டும் திரையையும், ஏ.டி.எஸ்-பி கருவியையும் அரசாங்கமே தன் செலவில் பொருத்திக் கொடுத்தது. விமானிகளுக்குப் பயிற்சியும் தந்தது. தரையிலும் நிலையங்கள் அமைத்தது. ஒலிபரப்பும் பாதி மட்டுமன்று. கண் திறக்கும் பாதியும் சேர்த்தே கொடுத்தது.

விளைவு? 2000 முதல் 2004 வரை, கருவி பொருத்திய அந்த விமானங்களின் விபத்து விகிதம் 47 விழுக்காடு குறைந்தது. ஏறக்குறையப் பாதி! மிரட்டலால் அன்று, தாளால் அன்று, கருவியை எட்டும் இடத்தில் வைத்ததால்.

இதைவிடச் சான்று வேண்டுமா, தோழர்களே? கருவி கைக்கு எட்டினால் உயிர் பிழைக்கிறது. எட்டாத உயரத்தில் அதை வைப்பவன், விதியின் பெயரால் வைத்தாலும், விலையின் பெயரால் வைத்தாலும், உயிரிழப்புக்குப் பொறுப்பாளியே. அந்தச் செயற்கைக் கோள்களை விண்ணிலே ஏற்றியது மக்கள் கட்டிய வரிப்பணம். மக்கள் பணத்தால் வானத்திலிருந்து இலவசமாகப் பொழியும் சைகையை, மக்களில் ஒருவன் தன் பலகையில் பெறுவதற்கு இத்தனை சுங்கச்சாவடிகளா?

நாம் கேட்பன

ஆகவே, நியாயமான விதி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், நான்கு கோரிக்கைகளைக் கூறுவோம்.

முதலாவது, விதியின் கனம் ஆபத்தின் கனத்தோடு ஒத்திருக்கட்டும். வாடகைக்கு ஓடாத பழைய சிறு விமானத்தில், இருப்பதைவிட நல்ல கருவியைப் பொருத்த வருபவனுக்கு, தேர்ந்த தொழிலாளி ஒருவரின் மேற்பார்வையும் கையொப்பமும் போதும்.

இரண்டாவது, அரசாங்கம் எதைக் கட்டாயமாக்குகிறதோ, அதன் செலவில் நேர்மையான பங்கை அரசாங்கம் ஏற்கட்டும். பொது வானத்தின் நன்மைக்காக வாங்கும் கருவிக்குத் தனி ஒருவன் மட்டும் கடன்படுவது முறையன்று.

மூன்றாவது, நெரிசல் மிகுந்த வானத்திலே எவருக்கும் விலக்கு இல்லாதிருக்கட்டும். போர்க்களம் வேறு, பயணிகள் இறங்கும் பாதை வேறு. வலியவன் மறைந்து பறக்கும் இடத்தில் எளியவன் வெளிச்சமிட்டுப் பறப்பதால் பயன் என்ன?

நான்காவது, உயிர் காக்கப் பெற்ற செய்தி உயிர் காக்க மட்டுமே பயன்படட்டும். பாதுகாப்பின் பெயரால் வாங்கிய உளவு, வசூலின் கைக்குப் போகக் கூடாது.

இவற்றிலே வானத்தை வில்லாய் வளைக்கும் செயல் ஏதேனும் உண்டா? இல்லை. கேப்ஸ்டோன் செய்து காட்டியதும், 411 பேர் வாக்களித்து விரும்பியதும், 100 டாலர்ச் சான்று மெய்ப்பித்ததும்தான் இவை.

தோழர்களே! விமானத்தை நம்மில் பலர் தொலைவிலிருந்தே பார்த்திருப்போம். ஆனால் விதியை நாள்தோறும் பக்கத்திலேயே பார்க்கிறோம். 'பாதுகாப்பு' என்ற சொல்லை எவர் உச்சரித்தாலும், கைகட்டி நின்றுவிடாதீர்கள். சுமை யார் தலையில், விலக்கு யார் கையில், பிழைக்கும் உயிர் எத்தனை என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நேர்மையான விதி மூன்றுக்கும் விடையளிக்கும்; நாமே அதற்குக் காவல் நிற்போம். விடை கூற இயலாமல் தாளைக் காட்டும் விதியை, சட்டமன்றத்திலே வாதாடியும், மக்கள் மன்றத்திலே எடுத்துரைத்தும், திருத்தியே தீர வேண்டும். உடைந்த பம்போடு மேகத்துக்குள் நுழைந்தவனுக்கு இருப்பது மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தில் அவன் கண்முன் நல்ல கருவி இருக்கிறதா என்பதே கேள்வி. கோப்பிலே முத்திரை இருக்கிறதா என்பதன்று.